பட்டில் சுற்றியதும் சிகரெட் தாளில் சுற்றியதும்

அந்தச் சாமான் என் சுண்டுவிரலின் மேல் கணு அளவுதான் இருக்கும். கறுப்பு. இரண்டு பக்கமும் எட்டெட்டாகப் பதினாறு கால். முதுகில் வெள்ளை எழுத்தில் ஒரு நம்பர். கம்பியூட்டருக்குள் இருக்கும் சிப் என்று அதைச் சொன்னார்கள். ஐந்தாம் வகுப்போடு மண்வெட்டி பிடித்த எனக்கு அதோடு என்ன வேலை என்று கேட்டால், காணி வேலைதான்.

நான் பிறந்தது மலைநாட்டில், தேயிலைத் தோட்டத்து லயத்தில். அங்கே கலவரத்தில் அடித்து விரட்டியபோது வந்தவர்களை ஒரு தொண்டு நிறுவனம் மன்னாரில் பாப்பாமோட்டைப் பக்கம் குடியேற்றியது. காடு வெட்டி, வரம்பு கட்டி, நெல் விதைத்தோம். அரசாங்கம் காணிப் பேமிட் என்று ஆளுக்கொரு அனுமதிச் சீட்டுத் தந்தது. சண்டை வந்து ஓடினபோது அந்தப் பேமிட் வீட்டுக் கூரை முகட்டில் செருகி இருந்தது. வீடு எரிந்தது. அதுவும் எரிந்தது. பிறகு முருங்கன் என்ற ஊருக்குக் கிட்ட ஒருவர் வளவில் கொட்டில் போட்டுக்கொண்டு கூலிக்குப் போனேன்.

சண்டையை நிறுத்தி வைத்திருந்த அந்த இரண்டொரு வருசத்தில், பேமிட் தொலைத்தவர்கள் வந்து பதியவேண்டும் என்று காணிக் கந்தோரில் அறிவித்தல் போட்டார்கள். மாரி தொடங்குமுன் பதியாவிட்டால் அந்தக் காணித் துண்டு வேறு ஆளுக்குப் போகும் என்றும் கதை அடிபட்டது. போனேன். கந்தோரில் இருந்த பிள்ளை நல்ல பிள்ளை. ஆனால் கையை விரித்தது.

"பேரை வைச்சுத் தேட ஏலாது ஐயா. உங்கட பேரில இந்தக் கட்டுக்குள்ள எத்தினை பேர் இருக்கினம் தெரியுமோ? பேமிட் நம்பரைக் கொண்டு வாங்கோ. இஞ்ச கிடக்கிற அதின்ட அடிக்கட்டையை நான் தேடி எடுத்துத் தாறன்."

நம்பர் யாருக்குத் தெரியும்? என் பெண்சாதியைக் கேட்டேன். "எனக்கு எழுத்தே தெரியாது, என்னைப் போய்க் கேக்குறீங்களே" என்றாள். அவளும் தோட்டத்துப் பிள்ளைதான். இத்தனை வருசம் மன்னாரில் இருந்தும் அவள் பேச்சு மாறவில்லை. என் பேச்சு பாதி மாறிவிட்டது.

அம்மனை நினைத்துக்கொண்டு படுத்திருந்தபோது எனக்கு ஒரு ஞாபகம் வந்தது. குடியேற்றின காலத்தில் அந்த நிறுவனத்தில் எழுத்து வேலை பார்க்கும் லிகிதராக ஒரு இளந்தாரி இருந்தார். ஓலைத்தொடுவாய்ப் பக்கத்துக் கடல்தொழில் குடும்பம். புத்தகம் அளவான ஒரு கம்பியூட்டர்ப் பெட்டியை டிவியோடு பூட்டி, எங்கள் எல்லாருடைய பெயரையும் காணி விவரத்தையும் அதில் அடித்தார். பெயர் டிவியில் வந்தது. குடியேற்றம் முழுக்க வந்து சன்னலில் தொங்கிப் பார்த்தது. அடித்து முடிந்ததும் பாட்டுக் கேட்கும் கசெற்றில் அதைப் பதிந்தார். "பாட்டு வருமா?" என்று ஒருவர் கேட்க, "வரும், ஆனா காது போகும்" என்றார்.

ஆளைத் தேடி ஓலைத்தொடுவாய்க்குப் போனேன். மன்னார்ப் பாலத்தடியில் இறங்கி, ஆமிச் சோதனைக்கு வரிசையில் நின்று, மறுபடி ஏறிப் போக அரைநாள் ஆனது. அவர் இப்போது படகு எஞ்சின் திருத்துகிறார். தலை நரைத்திருந்தது. ஆனால் முகத்தைப் பார்த்ததும் என்னை இன்னார் என்று சொல்லிவிட்டார்.

"வாங்கோ அண்ணை. இருங்கோ. பெட்டியும் கிடக்கு, கசெற்றும் கிடக்கு. ஆனா பெட்டி பழுது."

நிறுவனம் மூடிப் போகும்போது வேண்டாம் என்று விட்ட சாமான்களில் அந்தப் பெட்டியை அவர் எடுத்து வைத்திருந்தார். இடம்பெயர்ந்தபோதும் சாக்கில் சுற்றிக்கொண்டு போயிருக்கிறார். ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் ஒவ்வொரு உறுப்பாக மாற்றி, அதைப் பழையபடி ஓட வைக்கவேண்டும் என்று வருசக்கணக்காய் முயற்சி. அது ஒரு நேர்த்திக்கடன் மாதிரி. அவருடைய பெண்சாதி தேத்தண்ணி கொண்டு வந்து வைத்துவிட்டுச் சொன்னா:

"அந்தப் பெட்டி வாய் திறந்து கதைக்காது அண்ணை. அதுதான் இவருக்கு அதில அவ்வளவு விருப்பம்."

அவர் கேட்காதமாதிரி மூடியைக் கழற்றினார். கொட்டிலுக்குப் பின்னால் இருந்த சின்ன ஜெனரேற்றரைக் கயிறு இழுத்து எழுப்பி, டிவியைப் போட்டார். டிவியில் எழுத்து வரவில்லை. பாய் பின்னினது போலக் கறுப்பும் வெள்ளையுமாய்க் கட்டம் கட்டமாக நின்றது.

உள்ளே ஒரு வரிசையில் எட்டுக் கறுப்புச் சிப். எல்லாம் ஒன்று போல. "இது எட்டும் எட்டு அண்ணன் தம்பிமார். ஒரு சொல்லில ஆளுக்கொரு எழுத்தைப் பிடிச்சு வைச்சிருப்பினம். ஒராள் கையை விட்டாச் சொல் முழுக்கப் பிழை" என்றார். பிறகு ஒவ்வொன்றின் முதுகிலும் விரலை வைத்துக்கொண்டு போனார். மூன்றாவதில் விரலை இழுத்தார். "இவர்தான். காய்ச்சல்காரன்."

நானும் வைத்துப் பார்த்தேன். எனக்கு எல்லாம் ஒன்றாகத்தான் இருந்தது.

"உங்கட கை மண்வெட்டிக் கை அண்ணை. புறங்கையை வையுங்கோ."

வைத்தேன். சுட்டது.

இனி மாற்ற அது ஒன்றுதான் மிச்சம், அது கிடைத்தால் கசெற்றை ஓட்டிப் பார்க்கலாம் என்றார். ஆனால் மன்னாரில் இல்லை, வவுனியாவிலும் விசாரித்தாயிற்று. கொழும்பில் பழைய சாமான் கடைத் தெருவில்தான் தேடவேண்டும். அவருக்குச் சிங்களம் வராது, கொழும்புக்குப் போக மனமும் இல்லை. எனக்குத் தோட்டத்தில் பழகின சிங்களம் இருந்தது. தங்கச்சி மகளின் கலியாணத்துக்கு மலைநாட்டுக்குப் போக வேண்டியும் இருந்தது. வரும்போது கொழும்பில் இறங்குவது என்று முடிவாயிற்று.

கொப்பித் தாளில் எழுதித் தந்தார். முதலில் நம்பர். நம்பருக்குப் பின்னால் ஒரு கோடு போட்டு இன்னொரு சின்ன இலக்கம் இருக்கும். அது இரண்டாக இருந்தால் நல்லது. மூன்று என்றாலும் பரவாயில்லை. நாலு என்றால் மெத்தனம், பெட்டியின் ஓட்டத்துக்கு ஈடுகொடுக்காது, வேண்டாம். "இதைவிடப் பெரிசு, கனக்கப் பிடிக்கும் எண்டு வேற நம்பர் காட்டுவாங்கள். எடுக்காதேங்கோ. அது இந்தக் குழிக்குள்ள இருந்தாலும் வேலை செய்யாது." இரண்டு தடவை வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தேன்.

கலியாணம் முடிந்து கொழும்பில் இறங்கினேன். அந்தத் தெருவில் பழைய ரேடியோ, டிவி, கம்பியூட்டர் எல்லாவற்றையும் உடைத்துப் பலகை பலகையாக அடுக்கி வைத்திருந்தார்கள். ஐந்தாறு கடையில் தாளைப் பார்த்ததும் தலையாட்டினார்கள். ஏழாவதோ எட்டாவதோ ஒரு முஸ்லிம் ஐயாவின் கடை. தாளை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இதைக் கேட்டு ஆள் வந்து பத்து வருசமிருக்கும். நீங்க மியூசியத்துலயா வேலை?"

"வயல் வேலை ஐயா."

"வயல்ல இதை விதைக்கப் போறீங்களா?"

பின்னால் போய் ஒரு பிஸ்கற் ரின்னைக் கொண்டு வந்து மேசையில் கொட்டினார். அதில் ஒரு நீளக் குழாய் நிறைய அதே நம்பர். எனக்குச் சந்தோசம். முதுகைப் பார்த்தால் எல்லாம் நாலு.

"நாலை எடுங்க. நாலு பெரிசுதானே. மலிவாப் போட்டுத் தாறேன்."

"மூணுக்கு மேல வேண்டாமுன்னு எழுதியிருக்கு ஐயா."

"ஆஹா, ஆளு வெவரமாத்தான் இருக்கீங்க" என்று சிரித்து, தேடித் தேடி இரண்டை எடுத்தார். ஒன்று இரண்டாம் இலக்கம், புத்தம் புதிது, கால்கள் வெள்ளியாய் மின்னின. மற்றது மூன்றாம் இலக்கம், ஏதோ ஒரு பலகையிலிருந்து சுட்டுக் கழற்றியது. கால்களில் ஈயம் ஒட்டியிருந்தது, ஒரு கால் வளைந்தும் இருந்தது.

எது நல்லது என்று கேட்டேன்.

"இலக்கத்தைப் பாத்தா புதுசு. ஆனா புதுசு எப்படின்னு போட்டாத்தான் தெரியும். பழசு ஓடினது, அது எனக்குத் தெரியும்."

அந்தக் கடைவாசலில் கொஞ்ச நேரம் யோசித்தபடி நின்றேன். மாடு வாங்குவதென்றால் பல்லைப் பார்ப்பேன். விதைநெல் என்றால் கையில் எடுத்துக் கடித்துப் பார்ப்பேன். இதில் பார்க்க ஒன்றுமில்லை. பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் வைத்திருந்ததை எண்ணாமல் இரண்டையும் வாங்கிக்கொண்டேன். அன்றைக்கு மத்தியானம் சாப்பிடவில்லை. அது பெரிய காரியமில்லை.

அவர் தன் சிகரெட் பெட்டிக்குள் இருந்த வெள்ளித் தாளை உருவி, இரண்டாகக் கிழித்து, சிப்பின் கால்கள் தாளில் அழுந்தும்படி ஒவ்வொன்றையும் தனித்தனியே சுற்றினார். "இதைப் பிரிக்காம அப்படியே கொண்டு போய்க் குடுங்க" என்றார். ஏன் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கடைக்காரர் சொல்லும் சொல் என்று எடுத்துக்கொண்டேன்.

மதவாச்சியில் இறக்கிச் சோதித்தார்கள். சமாதானம் என்றாலும் சோதனை சோதனைதான். ஆமிக்காரப் பொடியன் என் வெற்றிலைப் பெட்டிக்குள் இருந்த பொட்டலங்களைக் கண்டு, "மொகக்த மே? பெஹெத்த?" என்றான். என்ன இது, மருந்தா என்று கேட்கிறான். பழைய கம்பியூட்டர் சாமான் என்று சிங்களத்தில் சொன்னேன். அவன் தன் பெரியவரைக் கூப்பிட்டான். எல்லாரும் பஸ்ஸில் ஏறிவிட்டார்கள், என்னை மட்டும் மரத்தடியில் நிற்பாட்டினார்கள்.

பெரியவர் தாளின் நுனியை மாத்திரம் விரித்துப் பார்த்தார். எதற்கு என்று கேட்டார். பொய் சொன்னால் மாட்டுவேன் என்பதைவிட, கலியாண வீட்டில் கும்பிட்ட கையோடு வந்தவன் பொய் சொல்லக்கூடாது என்றுதான் எனக்குத் தோன்றியது. காணி, எரிந்த பேமிட், கசெற், எல்லாவற்றையும் சொன்னேன். பெரியவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "எங்கட அப்பாவின்ட காணி உறுதியைக் கறையான் தின்றது" என்று சிங்களத்தில் சொல்லி, தாளை மூடித் தந்தார். டிரைவர் ஹோன் அடித்துக்கொண்டிருந்தார். ஓடிப்போய் ஏறினேன்.

பிழை நடந்தது வீட்டில்தான்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. விதைநெல்லோ, சைக்கிளோ, பிள்ளையின் புதுக் கொப்பியோ, வீட்டுக்கு வந்த புதுச் சாமானை முதலில் மாரியம்மன் காலடியில் வைத்து எடுத்த பிறகுதான் பாவிப்போம். காணியே இதில்தான் தங்கியிருக்கிறது என்றால் வைக்காமல் விடமுடியுமா? வெள்ளிக்கிழமைப் பூசைக்குக் கொண்டுபோவது என்று இருந்தேன். பெண்சாதி பொட்டலத்தை மணந்து பார்த்தாள்.

"என்னங்க இது, சிகரெட் பேப்பர்ல சுத்திக்கிட்டா அம்மா முன்னுக்குக் கொண்டு போறது? அபச்சாரம்."

எனக்கும் அது சரியென்றே பட்டது. புதியதைத் தாளிலிருந்து எடுத்தோம். அவள் தன் கூறைச் சேலையின் முந்தானையில் கிழிந்திருந்த ஒரு துண்டை வெட்டி, நல்ல பட்டு, அதால் சிப்பை ஒருமுறை துடைத்து, நாலைந்து சுற்றுச் சுற்றினாள்.

"அந்தப் பழசையும் தாங்க."

"அது வேற ஆளுக்கிட்ட இருந்து கழட்டினது. எச்சில் பட்ட சாமானை அம்மாவுக்கு வைக்கிறதா?"

அவள் யோசித்து, "அதுவும் சரிதான்" என்றாள். பழையதைச் சிகரெட் தாளோடேயே வெற்றிலைப் பெட்டியில் விட்டேன்.

பூசாரி தட்டில் தேங்காய் பழத்தோடு பட்டுப் பொட்டலத்தையும் வைத்து, குங்குமம் தூவித் தீபம் காட்டினார். உள்ளே என்ன என்று கேட்டார். "காணி" என்றேன். அவர் அதற்குமேல் கேட்கவில்லை. கச்சான் காற்று புழுதியை வாரிக்கொண்டு வீசின நாள் அது. நாக்கு ஒட்டிப்போகும் காய்ச்சல் வெயில்.

ஓலைத்தொடுவாயில் லிகிதர் தம்பி காத்துக்கொண்டிருந்தார். பட்டைப் பிரித்ததும் முகம் மலர்ந்தது. "இரண்டாம் இலக்கம்! புதுசு! எங்கையண்ணை பிடிச்சனீங்கள்?" மூன்றாவது குழிக்குள் அதை வைத்து மெதுவாக அமத்தினார். ஜெனரேற்றரை எழுப்பினார்.

டிவியில் அதே பாய். அதே கட்டம்.

கழற்றித் திரும்பப் போட்டார். குழியைத் தூரிகையால் தட்டினார். அதே பாய். பிறகு மெசினை நிற்பாட்டிவிட்டு, மேசையில் கிடந்த பட்டுத் துண்டை எடுத்துப் பார்த்தார்.

"கடைக்காரன் இதிலயோ சுத்தித் தந்தவன்?"

நடந்ததைச் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"சீப்பால தலை இழுத்துப்போட்டுக் கடுதாசித் துண்டுக்குக் கிட்டப் பிடிச்சாக் கடுதாசி ஓடிவந்து ஒட்டுமெல்லே? பட்டை உரசினாலும் அப்பிடி ஒரு கரண்ட் பிறக்கும் அண்ணை. எங்களுக்குத் தெரியாது. இதின்ட உடம்பு தாங்காது. அந்தச் சிகரெட் தாள்தான் இதுக்குக் காவல்."

"அப்ப செத்துப்போச்சுதோ?"

"கடையிலயே செத்ததோ, இப்ப செத்ததோ, ஆர் கண்டது? எனக்கெண்டா இந்தப் பட்டிலதான் சந்தேகம்."

 சிப்பைக் கெடுத்தது நானல்லவா. அவருடைய பெண்சாதிதான் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கதையை மாற்றினா.

"யோசிக்காதேங்கோ அண்ணை. எங்கட ஆக்கள் இதைவிட மோசம். போன வருசம் ஒராள் புது எஞ்சின்ட பிளக்கில அந்தோனியார் எண்ணெயைப் பூசிப்போட்டு, அரைநாள் நிண்டு கயிறு இழுத்தவர். அந்தோனியாரே இறங்கி வந்து இழுத்திருந்தாலும் அது கிளம்பியிராது."

தம்பி சிரித்தார். நான் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து பழைய பொட்டலத்தை எடுத்து நீட்டினேன்.

"இது ஒண்டு இருக்கு. பழசு."

"இதை எதில வைச்சு ஆராத்தி எடுத்தனீங்கள்?"

"ஒண்டும் செய்யேல்லைத் தம்பி. எச்சில் சாமான் எண்டு விட்டிட்டன்."

அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். கையில் கரண்ட் இருந்தால் இறங்கட்டும் என்று இரும்புச் சட்டம் ஒன்றைத் தொட்டுவிட்டுத் தாளைப் பிரித்தார். வளைந்த காலைச் சாமணத்தால் நிமிர்த்தினார். ஈயத்தைச் சுரண்டினார். பதினாறு காலும் குழிக்குள் இறங்க வெகுநேரம் எடுத்தது. நான் வாசலில் போய் நின்று கடலைப் பார்த்துக்கொண்டு அம்மனைக் கூப்பிட்டேன். பிழை செய்தவன் கூப்பிடலாமோ என்று ஒரு யோசினையும் இருந்தது. கூப்பிட்டேன்.

ஜெனரேற்றர் கிளம்பியது. உள்ளேயிருந்து அவர் கூப்பிடவில்லை. நானே போய்ப் பார்த்தேன். டிவி வெள்ளையாய் இருந்தது, பாய் இல்லை. அடியில் சின்னதாய் ஒரு வரி இங்கிலீஸ். அவர் கையை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கண் கலங்கியிருந்ததை நான் கண்டேன். காணாத மாதிரி நின்றேன்.

பிறகு கசெற். ஓடவிட்டதும் வாத்துக் கூட்டம் கத்தினதுபோல ஒரு சத்தம். முதல்தரம் பாதியில் நின்றது. சத்தத்தைக் கூட்டி ஒருதரம், அதுவும் நின்றது. குறைத்து ஒருதரம். இந்த முறை நிற்கவில்லை. டிவியில் வரிகள் மேலே ஏறத் தொடங்கின. துண்டு இலக்கம், பெயர், பேமிட் நம்பர்.

அச்சடிக்கும் மெசின் இல்லை. அவர் வாசிக்க நான் கொப்பியில் எழுதினேன். நாலாவது திரையில் என் பெயர் வந்தது. நம்பரை அவர் மூன்று தடவை சொன்னார், நான் மூன்று தடவை எழுதினேன்.

"காணும் தானே அண்ணை? மண்ணெண்ணெய் முடியப் போகுது."

எனக்குப் போதும்தான். வந்த காரியம் முடிந்துவிட்டது. ஆனால் எனக்கு அடுத்த வரியில் நின்றது என் பக்கத்துக் காணி வேலிக்காரன் பெயர். அவனும் எங்களோடுதான் முருங்கன் பக்கம் கூலிக்குப் போகிறான். அதற்கு அடுத்தவர் செல்குண்டு விழுந்து செத்தவர், பெண்சாதி பிள்ளைகள் இருக்கிறார்கள். அதற்கு அடுத்த குடும்பம் வள்ளத்தில் இந்தியாவுக்குப் போய்விட்டது, வருமோ தெரியாது.

"நிக்கிறமட்டும் வாசியுங்கோ தம்பி" என்றேன்.

ஜெனரேற்றர் இருமி நிற்குமட்டும் எழுதினோம். கடைசிப் பெயர் பாதியில் இருந்தது. மிச்சத்தை அடுத்த கிழமை அவர் தானே எழுதி, முருங்கன் பஸ்ஸில் கொடுத்துவிட்டார்.

கந்தோர்ப் பிள்ளை நம்பரைப் பார்த்ததும் உள்ளே போய், புழுதி தட்டி ஒரு கட்டை அவிழ்த்து, அடிக்கட்டையைக் கொண்டு வந்து காட்டியது. மூலையில் என் இளவயசுக் கையெழுத்து. பக்கத்தில் ஒரு தாளில் மறுபடி வைக்கச் சொன்னது. வைத்தேன். இரண்டையும் ஒத்துப் பார்த்து, "வால் அப்பிடியே இருக்கு ஐயா" என்று சீல் குத்தியது. கொப்பியைக் கொடுத்தேன். மற்றவர்களும் ஒருவர் பின் ஒருவராய்ப் போய் எடுத்தார்கள். எல்லாருக்கும் கிடைத்தது என்று சொல்லமாட்டேன். கறையான் தின்ற அடிக்கட்டைகளும் இருந்தன.

காணிக்குள் உடனே இறங்க முடியவில்லை. மிதிவெடி எடுக்கவேண்டும் என்றார்கள். பிறகு சண்டை திரும்பவும் தொடங்கியது. ஆனால் அது எங்கள் பேரில் இருக்கிறது.

பேமிட்டைப் பெண்சாதி பிளாஸ்ரிக் பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டாள். அதுவும் போதாது என்று, நம்பரைச் சொல்லச் சொல்லி மனப்பாடம் பண்ணினாள். எழுத்துத் தெரியாதவள், மூன்று நாளில் பிடித்துவிட்டாள். பிள்ளைகளையும் விடவில்லை. சாமி கும்பிட்டு முடிந்ததும் எல்லாரும் ஒருதரம் நம்பரைச் சொல்லவேண்டும், அதற்குப் பிறகுதான் திருநீறு.

ஒருநாள் முருங்கன் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கிறோம். சும்மா நின்றவள் திடீரென்று, "நம்பரைச் சொல்லுங்க பாப்போம்" என்றாள். சொன்னேன். நடுவில் ஓர் இலக்கம் மாறிவிட்டது.

"கெட்டுது போங்க" என்று தலையில் கை வைத்தாள். சந்தியில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்க, முதலிலிருந்து கடைசிவரை மெதுவாகச் சொல்லித் தந்தாள். பஸ் வருமட்டும் நான் அதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டு நின்றேன்.